இரண்டாவது பிரேக்

அந்தக் காரின் நிறம் வெள்ளையா, வெளிர் நீலமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. வெயிலில் நின்றால் வெள்ளையாகத் தெரியும். மழை பெய்து விட்டால் நீலம் என்று சத்தியம் செய்யலாம். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்களும் ஆளுக்கொரு விதமாகத்தான் சொன்னார்கள். அப்பா சொன்னதில் சிரிப்பு அதிகம். மகள் சொன்னதில் கோபம் அதிகம். அம்மா சொன்னதில் பேச்சைவிட மௌனம் அதிகம். மூன்றையும் சேர்க்கும்போது நடுவில் எங்காவது நான் தவறியிருக்கலாம். ஆனால் அம்மாவின் வலது கால் விஷயத்தில் மட்டும் பிசகு இல்லை. கதையே அந்தக் காலில்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. உலர்ந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை இரண்டிரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும். எதிரெதிரே நின்று நுனிகளைப் பிடித்து, உதறி, நடந்து வந்து நுனியோடு நுனி சேர்த்து, விலகி, மறுபடியும் நடந்து வந்து சேர்க்க வேண்டும். நாள் முழுக்க இதே நடைதான். வீட்டுக்கு வந்தால் கால் கெஞ்சும். அப்பா ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். அங்கே பேச ஆள் கிடையாது என்பதால், வீட்டுக்கு வந்ததும் அன்றைய பேச்சையெல்லாம் மொத்தமாகப் பேசித் தீர்ப்பார். அவர்களுக்கு ஒரே மகள். கைக்குழந்தையாக இருந்தபோது யார் தூக்கினாலும் தோளில் அப்பிக்கொள்வாள் என்று அவளுக்குப் ‘பல்லி’ என்று பேர் வைத்தவர் அப்பாதான். வளர்ந்த பிறகும் வீட்டில் அந்தப் பேர் போகவில்லை.

பள்ளி இறுதித் தேர்வில், கணக்குத் தாள் அன்று, பல்லி கேள்வித்தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை. “கை எழுதல” என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்தவள் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தலை காட்டவில்லை.

அந்த ஒரு வருடத்தில் அம்மா, தான் செய்வது தனக்கே தெரியாமல், மகளுக்குப் பதிலாக வாழ ஆரம்பித்திருந்தாள். தொலைபேசி அடித்தால் “அவ தூங்குறா” என்பாள். யாராவது “என்னம்மா பண்றே இப்போ?” என்று பல்லியைக் கேட்டால் பதில் அம்மாவிடமிருந்து வரும். டாக்டர் “எங்க வலிக்குது?” என்று கேட்டபோது அம்மா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

“மாத்திரையையும் நீயே முழுங்கிடு, வேலை முடிஞ்சுது” என்றார் அப்பா.

பக்கத்துத் தெருவில், பழைய மரச்சாமான் தொழிற்சாலை ஒன்றை மாற்றி, இளைஞர்களுக்கும் குடும்பங்களுக்குமாக ஓர் உதவி மையம் நடத்தினார்கள். முன்னறையில், பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கும். நடுக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் சுவர் நீளத்துக்கு ஒட்டிய காகிதத்தில் வண்ணம் அடிப்பார்கள். பின்னால், முன்பு லாரிகள் நின்ற அகலமான சிமெண்டு முற்றத்தில், கார் ஓட்டப் பழக்குவார்கள். விட்ட தேர்வை மறுபடி எழுதவென்று பல்லியை அங்கே இழுத்துக்கொண்டு போனவர் அப்பா. கொஞ்ச நாள் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மையத்தை நடத்தும் பெரியக்காவுக்கு (எல்லாருக்குமே அவர் பெரியக்காதான்) இது கண்ணில் பட்டது.

“சுவர் எங்கயும் ஓடிப் போயிடாது, நீ காவல் இருக்க வேணாம்” என்றார். “இந்தப் பந்துக்கெல்லாம் கொஞ்சம் காத்தடிச்சுக் குடு.”

பந்துகளுக்குக் காற்றடித்தவள் அவற்றைச் சாக்கில் கட்டினாள். சாக்கை வண்டியில் ஏற்றினாள். பிறகு அவளும் ஏறிக்கொண்டாள். ‘பந்து வண்டி’ என்று பிள்ளைகள் கூப்பிட்ட அந்தச் சின்ன வேனில் பந்து, கயிறு, வளையம், வண்ண டப்பா எல்லாம் இருக்கும். மையத்துக்கு வர முடியாத பிள்ளைகளைத் தேடி மாலையில் ஒவ்வொரு குடியிருப்பாகப் போகும். வேன் திரும்பும் முனையிலேயே பிள்ளைகள் கூச்சலோடு ஓடி வருவார்கள். அந்தக் கூச்சல் நடுவில் பல்லியின் முகம் எப்படி இருந்தது என்று ஓட்டுநர் வந்து சொன்னபோது அம்மா நம்பவில்லை.

அந்த ஓட்டுநருக்கு மனைவியின் வேலை மாற்றத்தால் வேறு ஊர் போக வேண்டியிருந்தது. பெரியக்கா பல்லியைக் கூப்பிட்டு, “அடுத்த பள்ளிப் பருவம் தொடங்கறதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டா அந்த ஸ்டியரிங் உனக்கு. இல்லேன்னா நான் வேற ஆள் பார்க்கணும், கண்ணு. பிள்ளைங்க காத்திருக்கும்” என்றார்.

அன்று மாலை பல்லி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: “எனக்கு அந்த வண்டி வேணும்.”

‘வேணாம்’ என்பதையே ஒரு வருடமாகக் கேட்டுப் பழகிய வீடு. அப்பாவுக்கே பேச்சு நின்றுவிட்டது.

மையத்தில் கார் பழக்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். பயிற்சியாளர், அதாவது மாஸ்டரம்மா, ஆரம்பப் பாடம் சொல்லிக் கொடுப்பார். பிறகு அதே காரில், அதே முற்றத்தில், வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகவிட வேண்டும். அங்கே கை பழகியதும் மாஸ்டரம்மா ஒரு ஒத்திகை வைப்பார். அதில் தேறியவர்களைத்தான் வெளிச்சாலைக்குக் கூட்டிப் போவார். பக்கத்தில் உட்காரப் போகும் பெற்றோர்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பும் உண்டு.

“உங்களுக்கு ஒரே வேலைதான்” என்றார் மாஸ்டரம்மா அந்த வகுப்பில். “வாயை மூடிட்டு உட்காரணும். ‘ஐயோ’ கிடையாது, ‘பார்த்துடா’ கிடையாது. உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. அது ஆபத்துக்கு மட்டும். அது இருக்கறதையே மறந்துடுங்க.”

அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தால் ‘பீப்’ என்று கத்தும் கருவி ஒன்று காரில் இருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பழகுகிற பிள்ளைகள் பதறிப்போகிறார்கள் என்று மாஸ்டரம்மாவே ஒருநாள் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்.

அம்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் முறையில் அப்பனும் மகனும் முற்றத்தின் நடுவில் காரை நிறுத்திக் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் முறையில் மட்டும் அது குளத்தில் படகு போகிற மாதிரி போகும். வேலை முடிந்து வந்த அலுப்பில் அம்மா மடியில் கைகளைக் கோத்து வைத்திருப்பாள். முற்றத்தின் கடைசியில் வெள்ளைக் கோடு, அதற்கு அப்பால் வரிசையாகக் காலி பிளாஸ்டிக் பீப்பாய்கள். ஒவ்வொரு முறையும் கார் கோட்டுக்கு முன்னால் பூப்போல நிற்கும். பல்லி அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். அம்மா தலையை மட்டும் ஆட்டுவாள். அந்தக் காருக்குள் இருந்த அமைதியைப் போல ஒன்றை அவர்கள் வீட்டில் அனுபவித்ததில்லை. வீட்டு அமைதியில் எப்போதும் ஒரு மூடிய கதவு இருக்கும். இதில் இல்லை.

“இந்த அம்மா மாதிரி ஆள் கிடைக்க மாட்டாங்க” என்று மாஸ்டரம்மா மற்றவர்களிடம் உதாரணம் காட்டினார்.

அந்த நாட்களில்தான் அம்மாவுக்கு வலது காலில் வலி வந்தது. ஆடுசதை கல்லாக இறுகிவிடும். வீட்டில் எண்ணெய் தடவித் தேய்த்துக்கொண்டே, “நின்னு நின்னுதான்” என்றாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். “நின்னா ரெண்டு காலும்ல வலிக்கணும்? வேலையிலயும் ஒத்தக் கால்லதான் நிக்கிறியா, வீட்ல நிக்கிற மாதிரியே?”

“உங்க வாய்க்கு மட்டும் வலியே வராதா?” என்றாள் அம்மா.

ஒத்திகை நாள் வந்தது. மாஸ்டரம்மா பக்கத்து இருக்கையில் ஏறி, தன் வழக்கப்படி கால் இரண்டையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். அம்மா கம்பிக் கதவோரம் நின்றாள். கார் வளைவுகளில் அழகாகத் திரும்பியது. நேர்கோட்டில் வந்தது. வெள்ளைக் கோட்டை நெருங்கி, அதைத் தாண்டி, பீப்பாய் வரிசையில் போய் இடித்தது. ஒரு பீப்பாய் உருண்டு வந்து அம்மாவின் காலடியில் நின்றது.

“பிரேக் பிடிக்கல!” என்று இறங்கினாள் பல்லி.

மாஸ்டரம்மா தானே ஓட்டிப் பார்த்தார். சொன்ன இடத்தில் நின்றது. மறுபடி பல்லி ஓட்டினாள், மறுபடி பீப்பாய். மூன்றாம் முறை பயத்தில் ஓங்கி மிதித்தாள். கார் கோட்டுக்கு வெகு முன்னாலேயே குலுங்கி நின்று இருவர் தலையும் முன்னால் போய் வந்தது.

“ஒண்ணு தொட்டுட்டு விடறே, இல்லேன்னா உதைக்கிறே” என்றார் மாஸ்டரம்மா குழப்பத்தோடு. “இத்தனை நாள் நான் தள்ளி நின்னு பார்த்தேனே, நல்லாதானே நிறுத்தினே?”

“எனக்கு வராது” என்றாள் பல்லி.

அம்மாவுக்கு அந்தக் குரல் தெரியும். ‘கை எழுதல’ என்ற அதே குரல்.

வீட்டில் கதவு மறுபடி மூடிக்கொண்டது. பருவம் தொடங்க அதிக நாள் இல்லை. இந்த வாரத்துக்குள் ஒத்திகையைத் தாண்டாவிட்டால் லைசென்ஸ் தேர்வுக்கு வாங்கியிருந்த தேதியை விட்டுவிட வேண்டும் என்று பெரியக்கா சொல்லி அனுப்பினார். அப்பா கதவுக்கு வெளியே நின்று தனக்குத் தெரிந்த வேடிக்கையெல்லாம் சொல்லிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை.

மறுநாள் காலை அம்மா வேலைக்குப் போகிற பேருந்தில் முன்னால் உட்கார இடம் கிடைத்தது. மனசு எங்கேயோ இருந்தது. பேருந்து ஒரு நிறுத்தத்தை நெருங்கும்போது பக்கத்திலிருந்த பெண் ‘ஸ்’ என்று காலை இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, அங்க பிரேக் இல்ல. அது டிரைவர்கிட்ட இருக்கு. இது என் கால்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் மன்னிப்புக் கேட்டுச் சிரித்தாள். அடுத்த நிறுத்தம் வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். வலது கால், யாரும் சொல்லாமல், தானாக நகர்ந்து தரையை மெதுவாக, ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். ஆடுசதை இறுகிற்று. அந்த வலி.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

வாயை மூடச் சொன்னார்கள், மூடினாள். கையைக் கோத்து வைத்துக்கொண்டாள். காலைப் பற்றி நினைக்கவே இல்லை. முற்றத்தில் அத்தனை நாளும் அந்தக் கார் பூப்போல நின்றது இவள் காலால். பல்லி பிரேக்கை லேசாகத் தொடுவாள். மீதியை இவள் மிதித்திருக்கிறாள். அந்தத் தொடுதலையே பிரேக் என்று பிள்ளை பழகியிருக்கிறாள்.

அன்று சலவைக்கூடத்தில் அவளுக்கு எதிரே நின்றவள் திட்டினாள். “என்னடி, நீ பாட்டுக்கு அங்கயே நிக்கிறே? விரிப்பு தரையில இழுபடுது பாரு.”

அம்மா அங்கேயேதான் நின்றாள். ஏனென்றால் இன்னொரு நினைப்பும் அவளுக்கு வந்திருந்தது. சொல்லாமல் விட்டால்? யாருக்கும் தெரியப் போவதில்லை. பிள்ளை வீட்டில் இருப்பாள். கதவு மூடியிருக்கும், ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பாள். லாரிகளும் அவசரக்காரர்களும் திரியும் சாலையில் தனியாக ஒரு வேனில் இருக்க மாட்டாள். அந்த நினைப்பு வெதுவெதுப்பாக இருந்தது, கையிலிருந்த விரிப்பைப் போல. அது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று உணர்ந்த கணத்தில்தான் அம்மாவுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தவள் கொடியிலிருந்து பெரிய விரிப்பை உருவிக்கொண்டு மகளின் கதவைத் தட்டினாள்.

“பல்லி, வா. இந்தப் பக்கம் பிடி.”

“நீயே மடி.”

“ஒரு ஆளால ஆகாது. வா.”

பல்லி வந்து நுனிகளைப் பிடித்தாள். உதறினார்கள். நடந்து வந்து சேர்த்தார்கள். விலகினார்கள். இரண்டாம் முறை நெருங்கும்போது அம்மா பாதியில் நின்றாள்.

“உன் காலுல ஒரு குறையும் இல்லடி. அந்த இன்னொரு பிரேக்கை நான்தான் மிதிச்சுட்டு இருந்திருக்கேன்.”

“எப்போ?”

“எப்பவும்.”

பல்லி கையில் நுனியோடு அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ நான் ஒரு தடவகூட நானா நிறுத்தினதே இல்லையா?”



பல்லி நுனியை விட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது. “டாக்டர்கிட்ட நீ பேசுவே. போன்ல நீ பேசுவே. இப்போ என் காலும் நீதானா?”

“தெரியாமதான்டி…”

“தெரிஞ்சிருந்தா மட்டும் விட்டிருப்பியா?”

“மாட்டேன்” என்றாள் அம்மா. பொய் சொல்ல அவளுக்கு அப்போது தெம்பு இல்லை.

வாசலில் நின்ற அப்பா தொண்டையைச் செருமினார். “நான் அன்னைக்கே சொன்னேன், ஒத்தக் கால்னு…”

“நீங்க சும்மா இருங்க!” “அப்பா, சும்மா இரு!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அப்பா சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். ஒரே மாதிரிக் கத்தியதில் அவர்களுக்கும் ஒரு நொடி என்னவோ போல் ஆகிவிட்டது. பல்லி குனிந்து விரிப்பின் நுனிகளை எடுத்தாள்.

“இதை மடிச்சு முடி” என்றாள். “நாளைக்கு மாஸ்டரம்மாகிட்ட நீயே சொல்லணும். உனக்காக நான் பேச மாட்டேன்.”

மறுநாள் அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மாஸ்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். “ஒயரைப் பிடுங்கினவ நான். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்!” உடனே காருக்குள் அந்தப் பிரேக்குக்கு அடியில் குனிந்து, பல்லியைக் கைவிளக்குப் பிடிக்கச் சொல்லி, ஒயரைச் சேர்த்து முறுக்கினார். கையால் அமுக்கிப் பார்த்தார். ‘பீப்.’ நிமிர்ந்தவர் அம்மாவைப் பார்த்து, “ஏறுங்க. அங்க இல்ல, ஸ்டியரிங் பக்கம்” என்றார்.

“ஐயோ, நானா?”

“பெடல் மேல அவ்வளவு ஆசைன்னா முறையா மிதிங்க. ஒரு தடவ ஓட்டிட்டா இந்தக் கால் அடங்கும்.” அவர் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். “பல்லி, நீ பக்கத்துல உட்காரு. வாயைத் திறக்கக் கூடாது.”

அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சொல்லிக் கொடுத்தபடி காலை அழுத்தினாள். கார் நகர்ந்தது. தான் நகர்த்துகிறோம் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. முற்றம் அவளை நோக்கி வந்தது. கோடு இன்னும் எங்கோ இருந்தது.

‘பீப்.’

“நான் ஒண்ணும் பண்ணலயே!” என்று பதறினாள் அம்மா.

‘பீப்… பீப்ப்ப்.’

கார் நின்றுவிட்டது. பின்னாலிருந்து மாஸ்டரம்மாவின் சிரிப்பு கேட்டது. “நீங்க இல்லம்மா. பக்கத்துல பாருங்க.”

அம்மா திரும்பினாள். பல்லியின் கைகள் மடியில் ஒழுங்காகக் கோத்திருந்தன. வாய் மூடியிருந்தது. வலது கால் இரண்டாவது பிரேக்கை அடிவரை அமுக்கிக்கொண்டிருந்தது. பல்லி தானும் அதைக் குனிந்து பார்த்தாள்.

“நீ அவ்வளவு வேகமா போனே” என்றாள்.

“நடந்து போறவங்க நம்மளைத் தாண்டிப் போயிருப்பாங்கடி.”

பல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தைக் கைகளில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எவ்வளவு காலமாகக் கேட்கவில்லை என்று அம்மா எண்ணிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கிலேயே நெற்றியை வைத்து அவளும் சிரித்தாள்.

“சரி, இறங்கு” என்றாள் பல்லி. “என் இடம் அது.”

இடம் மாறினார்கள். மாஸ்டரம்மா இறங்கிக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கார் புறப்பட்டது. அம்மா இரண்டு கால்களையும் தரையில் வைத்தாள். பிரேக் இருக்கிறது, எட்டும் தூரத்தில். வளைவு கடந்தது. நேர்கோடு வந்தது. பீப்பாய்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவள் கால் எழும்பியது. தெரிந்தே அதைத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டாள். எந்தச் சத்தமும் வரவில்லை. எவ்வளவோ மௌனங்களோடு வாழ்ந்தவள் அவள். ஆனால் ஒரு சத்தம் வராமலிருக்கிறதா என்று இப்படி உடம்பெல்லாம் காதாகக் கேட்டதில்லை.

கார் நின்றது. கோட்டுக்கு முன்னால் அல்ல. முன்சக்கரம் கோட்டின் மேலேயே. பூப்போலவும் நிற்கவில்லை, கொஞ்சம் தலையை ஆட்டித்தான் நின்றது.

பல்லி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான்தானே?”

“நீதான்” என்றாள் அம்மா.

“இன்னொரு தடவ” என்று சொல்லிக் காரைத் திருப்பினாள் பல்லி.

அந்த வாரக் கடைசியில் அவள் ஒத்திகையில் தேறினாள். பருவம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் லைசென்ஸும் வாங்கினாள். பந்து வண்டியை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். கணக்குத் தாளை மறுபடி எழுதினாள். முதல் முறை தவறி, அடுத்த முறை தட்டுத் தடுமாறித் தேறினாள். பழைய ஓட்டுநர் போன ஊரில் பள்ளி வண்டி ஓட்டுகிறார். பெரியக்கா அதே மையத்தில் இருக்கிறார். மாஸ்டரம்மா அதற்குப் பிறகு எந்த ஒயரையும் பிடுங்கவில்லை. கார் மட்டும் பழசாகிவிட்டதால், அதை விற்று வேறொன்று வாங்கியிருக்கிறார்கள். அப்பா ஒருமுறை வேனில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுக ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு இடம் பின்னால், பந்துச் சாக்குகளோடுதான். அம்மாவுக்கு இன்னும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. விடுமுறை நாட்களில் மையத்து முற்றத்தில் பழகுகிறாள்; பக்கத்தில் பல்லி உட்காருகிறாள்; அவ்வப்போது ‘பீப்’ கேட்கிறது. வேலைக்குப் பேருந்தில்தான் போகிறாள். கால் வலி போய்விட்டது.